எங்க வூட்டு ஆளு இன்னிக்கு வராது

நாவலூர்
10.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வசந்த் எழுதுவது. நீயும் மாமாவும் நல்லா இருக்கீங்களா? நான் இங்கே நல்லா இருக்கேன்.

கவரைப் பார்த்ததும் பயந்திருப்பே. ஒண்ணும் ஆகல, பயப்படாதே. விஷயம் என்னன்னா, இனிமே எனக்குப் போன் பண்ணாதே. கோவிச்சுக்காம முழுசாப் படி.

வெளிநாட்டுல ஒரு பெரிய கடைக்காரனோட கம்ப்யூட்டரை எங்க கம்பெனி பார்த்துக்குது. அங்கே பில் போடுற மிஷின் நின்னா இங்கே என் போன் அலறும். சாப்பிடும்போது அலறும், குளிக்கும்போது அலறும், பஸ்ல அலறும். நான் எடுக்கலைன்னா எங்க மேனேஜர் விஷாலுக்குப் போகும், அவரு எடுக்கலைன்னா அவருக்கும் மேல. அவ்வளவு தூரம் போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. அதனால போன் அடிச்சாலே கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடறேன். போன வாரம் நீ கூப்பிட்டப்போ எடுத்ததும் கத்தினேன் இல்ல? உன்மேல கோவம் இல்ல அக்கா. அடிச்சது நீதான்னு தெரியறதுக்குள்ள வாய் கத்திடுச்சு. வாட்ஸப்பும் வேணாம், அதுவும் அதே போன்தான்.

பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில சோப்பு டப்பா பிரைஸ் வாங்கினவ நீ. எழுது. லெட்டர்னா எனக்கு முடியும்போது பிரிச்சுப் படிப்பேன்.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

வசந்த்


கொக்கிலமேடு
19.6.2024

அன்புள்ள தம்பி வசந்துக்கு அக்கா சொர்ணம் எழுதிக்கினது. இங்க நானும் உங்க மாமாவும் சொகம். உன் சொகத்துக்கு பதில் போடவும்.

டேய், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. போஸ்ட்மேன் வேற கவர நீட்டிகினு "இன்னாக்கா, கோர்ட்டு நோட்டீஸா"ன்னு கேக்கறாரு. நான் வாங்கி, நின்ன எடத்துலயே பிரிச்சிப் படிச்சி, அப்பால தான் மூச்சு வுட்டேன். உங்க மாமா இன்னா சொல்றாரு தெரியுமா? "ஏசில குந்திகினு கீறவனுக்கு இன்னா கஷ்டம், ஒரு நாளு வந்து வலைய இழுக்கச் சொல்லு"ன்னாரு. வுட்டேன் ஒரு டோசு. வலையத் தூக்கிகினு வெளிய போய்ட்டாரு.

மீன்புடி தடைக்காலம் முடிஞ்சி இப்பதான் போட்டு கடலுக்குப் போவுது. மீன் பரவாயில்ல. நான் எப்பயும் போல திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்கு கூடைய எடுத்துகினு போய்கினு கீறேன். அங்க எல்லாரும் "தம்பி இன்ஜினீயராமே, எங்க புள்ளைக்கும் சொல்லி வைம்மா"ன்னு கேக்கறாங்க. நானும் சொல்றேன் சொல்றேன்னு ஓட்டிகினு கீறேன்.

நல்லா இருக்கேன்னு எழுதிட்ட. துன்னியா தூங்கினியான்னு எழுதவே இல்ல பாரு. அத்த எழுது.

உன் ஒடம்ப ஒயுங்கா பாத்துக்கோ நைனா.

அக்கா சொர்ணம்


நாவலூர்
3.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்னு நம்புறேன். பதில் போட லேட்டாயிடுச்சு.

கங்கையம்மன் திருவிழாவுக்கு ஏன் வரலைன்னு கேட்டு எழுதியிருந்தே. லீவு குடுக்கலைன்னு பொய் சொல்லலாம். நிஜம் என்னன்னா, மறந்துட்டேன். ஆடி மாசம் வந்ததே எனக்குத் தெரியல.

ஆபீஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு. பர்ன்-அவுட்டுன்னு ஒண்ணு இருக்கு, வேலை செஞ்சு செஞ்சு ஆளு உள்ளுக்குள்ள கருகிப் போறது. அதை எப்படிக் கண்டுபிடிக்கணும், எப்படித் தடுக்கணும்னு ஒரு மேடம் ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தாங்க. லஞ்ச் டைம்ல வெச்சதால யாரும் சாப்பிடல. "கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்க"ன்னு அவங்க சொன்ன நேரத்துல எனக்கு அலாரம் வந்துச்சு. கேமராவை ஆஃப் பண்ணிட்டு அதைப் பார்த்தேன். கடைசியில எரிச்சல் வருதா, தூக்கம் கெடுதா, வேலைக்குக் கிளம்பவே பயமா இருக்கான்னு வரிசையாக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டேன். பதில் விஷாலுக்குத்தானே போகும்? டீம்ல அத்தனை பேரும் இல்லைன்னுதான் போட்டிருக்கோம். ரொம்ப நலமான டீம்னு எங்களுக்குக் கேக் வெட்டினாங்க அக்கா.

இப்பல்லாம் போன் அடிக்காதப்பவும் அடிக்கிற மாதிரி கேக்குது. நேத்து நாவலூர் சிக்னல்ல ரோடு கிராஸ் பண்ண நின்னவன் நின்னுக்கிட்டே இருந்தேன். சிக்னல் மாறி மாறி விழுது, எங்கே போகணும்னு தெரியல. பூக்கார அம்மா கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துச்சு.

இதை மாமாகிட்டகூட சொல்லாதே. மத்தபடி நலம்.

வசந்த்


கொக்கிலமேடு
11.8.2024

அன்புள்ள தம்பி வசந்துக்கு அக்கா எழுதிக்கினது. நாங்க சொகம்.

நீ சொகம்னு இனிமே எழுதாத. எழுதினா கிழிச்சிப் போட்டுடுவேன். ரோட்டு மேல நின்னியாம், எங்க போறதுன்னு தெரியலையாம், அப்பால மத்தபடி நலமாம். எவன்கிட்ட சொல்ற?

உங்க மாமாவுக்கு போட்டு கவுந்து கரைக்கு வந்தாரே, அப்ப நீ காலேஜில இருந்த, உனக்கு முழுசா தெரியாது. மறுபடி கடலுக்குப் போனாரு. போனாரு, ஆனா விடியறதுக்கு முன்ன எந்திரிச்சி செவுத்தப் பாத்துகினு குந்தியிருப்பாரு. வலைய எடுப்பாரு, மறுபடி கீழயே வெச்சிடுவாரு. முடியலன்னு வாய்தொறந்து சொன்னாரா? சொல்ல மாட்டாரு. நம்ம பக்கம் ஆம்பள சொல்லவும் கூடாது. அவன் வாயால முடியலன்னு சொல்லிட்டா போட்டுக்கு ஆவாது, மத்தவன் எவனும் அவன்கூட ஏற மாட்டான். அதுக்குத்தான் பொம்பளைங்க நாங்க கீறோம். நான் விடிகாலைல போட்டு ஓனரு சிவப்பிரகாசம் வூட்டு வாசல்ல போய் நின்னேன். "எங்க வூட்டு ஆளு இன்னிக்கு வராது"ன்னேன். அவ்ளோதான். ஏன்னு ஒரு கேள்வி கேக்கல. சாயங்காலம் அவரோட மீன் பங்கு மட்டும் வூட்டுக்கு வந்துச்சி. மறுநாளும் போய் நின்னேன். அவரா ஒரு நாளு எந்திரிச்சி வலைய தோள்ல போட்டுகினு கெளம்புற வரைக்கும் நான் போய் நின்னுகினே இருந்தேன். நம்ம அம்மாவும் அப்பாவுக்காக இப்படித்தான் போய் நின்னுது. அம்மா இல்ல, உனக்கு இன்னும் கல்யாணமும் ஆவல. உனக்காக எவ போய் நிப்பா?

உன் ஓனரு யாரு, வூடு எங்க, எழுது.

அக்கா சொர்ணம்


நாவலூர்
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கிழிச்சுப் போடுவேன்னு சொன்னதால நலம்னு எழுதல.

உன் லெட்டரைப் படிச்சு ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சேன். எங்க கம்பெனிக்கு ஓனர்னு ஒருத்தன் கிடையாது அக்கா. எனக்கு மேல விஷால், விஷாலுக்கு மேல ஒருத்தர், அவருக்கு மேல ஒருத்தர், அவங்கல்லாம் அமெரிக்காவுல. எல்லாருமே கூலிதான். இங்கே ஒருத்தன் வரலைன்னா பங்கு வராது, வேற ஆளு வருவான்.

அந்த நினைப்பெல்லாம் விட்டுடு. மாமாவுக்கு என் வணக்கம்.

வசந்த்


கொக்கிலமேடு
9.9.2024

அன்புள்ள தம்பி வசந்துக்கு அக்கா எழுதிக்கினது. நாங்க சொகம். நீயும் இனிமே சொகமா இருப்ப.

திட்டக்கூடாது, முன்னாடியே சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம உங்க ஆபீசுக்கு வந்தேன். கோவளத்துல எறங்கி, கேளம்பாக்கம் பஸ் புடிச்சி, அங்கேர்ந்து நாவலூரு. வஞ்சிரம் வறுத்து டப்பால எடுத்துகினு வந்தேன். கேட்ல "வசந்த் அக்கா, விஷால் சாரப் பாக்கணும், தம்பிகிட்ட சொல்லாதீங்க"ன்னேன். அவரே எறங்கி வந்தாரு. சின்னப் புள்ள மாதிரி கீறாரு! சோபால குந்த வெச்சி தண்ணி குடுத்து, "சொல்லுங்க அக்கா"ன்னாரு. அக்கான்னு கூப்ட்டாருடா. எனக்கு மனசு எளகிப் போச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். போன் அடிக்காமயே உன் காதுல அடிக்கறது, ரோட்டுல நின்னது, திருவியாவ மறந்தது, எல்லாம். "எங்க வூட்டு ஆளு கொஞ்ச நாளு வராது சார், பங்கு கொறச்சிக்கோங்க, ஆள வெச்சிக்கோங்க"ன்னேன். "கண்டிப்பா அக்கா, நாங்க பாத்துக்கறோம், நல்ல வேள சொன்னீங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. டப்பாவையும் வாங்கிகினாரு.

நீ சொன்ன மாதிரி இல்ல, நல்ல மனுசன். லீவு குடுப்பாரு. வூட்டுக்கு வா, தூங்கு. டப்பாவ மறக்காம எடுத்துகினு வா.

அக்கா சொர்ணம்


நாவலூர்
26.10.2024

சொர்ணத்துக்கு,

டப்பாவை இத்தோட கூரியர்ல அனுப்பியிருக்கேன்.

நீ வந்துட்டுப் போன அடுத்த திங்கக்கிழமை என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. விஷால் ரொம்ப அன்பாத்தான் பேசினாரு. உங்க நலனுக்காக உங்களை இந்த வேலையிலிருந்து எடுக்கறோம்னாரு. எனக்கு ஒரு காலி நாற்காலி குடுத்தாங்க. கம்ப்யூட்டர் இருக்கு, வேலை இல்ல. எல்லாரும் என்னைப் பார்த்தா மெதுவாப் பேசினாங்க. கேன்டீன்ல ஒருத்தன் "ரோட்டுல நின்னியாமே, பாத்து மச்சான்"னு சிரிச்சான். அப்படியே வெச்சிருந்து போன வாரம் நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்கும்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்.

உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மாமாகிட்டகூட சொல்லாதேன்னு எழுதினேன். நீ போய் அதை டப்பா மீனோட விஷால் முன்னாடி வெச்சுட்டு வந்திருக்கே. இது உன் குப்பம் இல்ல. அங்கே ஆளு வராதுன்னு சொன்னா பங்கு வரும். இங்கே ஆளையே எடுத்துடுவாங்க. அதைத்தான் முன்னாடியே எழுதினேன், நீ படிக்கவே இல்ல.

தீபாவளிக்கு வர மாட்டேன். தேடாதே.

வசந்த்


கொக்கிலமேடு
4.12.2024

அன்புள்ள தம்பி வசந்துக்கு,

இது நாலாவது லெட்டரு. நீ சொகமான்னு கேக்க எனக்கு இன்னா மூஞ்சி கீது?

புயல்ல கூரை ஷீட்டு ரெண்டு பறந்துச்சி, அத்த வுடு. உங்க மாமா என்னோட பேசறதில்ல. "படிச்சவங்க எடத்துல போய் நம்ம வயக்கத்த ஏண்டி காட்டின"ன்னு ஒரே கேள்விதான், அப்பால சோறுகூட தானே போட்டுக்கறாரு. திருக்கழுக்குன்றத்துல "தம்பிக்கு வேல போயிடுச்சாமே"ன்னு கேக்கறாங்க. நான் கூடைய தலைல வெச்சிகினு வேற தெருவுல வந்துடறேன்.

தப்பு பண்ணிட்டேன்டா. உன் சோத்துல நானே மண்ண வாரிப் போட்டேன். இனிமே உன் கம்பெனி வாசப்படிய மிதிக்க மாட்டேன், கங்கையம்மா மேல ஆணை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


கூடுவாஞ்சேரி
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

வேலை கிடைச்சிடுச்சு. ஸ்டேஷன் பக்கத்துல பாலான்னு ஒரு பையனோட ரூம் எடுத்திருக்கேன். கம்பெனி பஸ் வந்து, பழைய ஆபீஸ் இருந்த அதே ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போகும். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். கேக்காதே. பழைய இடத்துல ஏன் விட்டீங்கன்னு இன்டர்வியூவுல கேட்டப்போ குடும்பப் பிரச்சினைன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன்.

போன்ல கூப்பிடாதே, அதே மாதிரி வேலைதான். வேலை பரவாயில்ல. நலம்.

வசந்த்


கூடுவாஞ்சேரி
19.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை பரவாயில்ல. நலம்.

வசந்த்


கொக்கிலமேடு
21.7.2025

அன்புள்ள தம்பி வசந்துக்கு அக்கா சொர்ணம் எழுதிக்கினது.

உன் ரூமுக்கு வந்தேனே அந்த ஞாயித்துக்கெழம, அது உனக்கு ஞாபகம் கீதா? எனக்கு சந்தேகமா கீது. பாலாதான் கதவ தொறந்தான். நீ கம்ப்யூட்டர் பொட்டிய தொறந்து வெச்சிகினு முதுக காட்டிகினு குந்தியிருந்த. பக்கத்துல வந்து தோள்ல கை வெச்சேன். திரும்பாமயே "சொல்லுங்க மேடம், ஒரே நிமிஷம்"ன்ன. நான்டா, அக்கான்னேன். "ஓகே மேடம்"ன்ன.

காரப்பொடி மீன் கொழம்பு கொண்டாந்தேன், உனக்குன்னா உசுரு. தட்டுல போட்டுக் குடுத்தேன். துன்னுட்டு கை கழுவின. நல்லா இருந்துச்சாடான்னேன். "எது?"ன்னு கேட்ட. சாயங்காலம் வரைக்கும் குந்திகினு உன் முதுகத்தான் பாத்துகினு இருந்தேன். சட்டைக்கு மேல எலும்பு தெரியுது. பாலா என்ன பஸ் ஏத்தி வுட வந்தான். "எந்திரிச்சி பாத்ரூம் போறதுக்குக்கூட நேரமில்லாம இருக்கான் அக்கா, சொன்னா கேக்க மாட்டேங்கறான்"ன்னு அயுதான். பாவம், பெத்தவங்க தூரத்துல கீறாங்களாம், அவனும் இன்னொரு கம்பெனில அதே வேலதானாம்.

உன்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நீ அன்னிக்கே சொன்ன, இங்க ஆளையே எடுத்துடுவாங்கன்னு. எடுக்கட்டும்டா! எடுத்தா என் தம்பி எனக்கு மிஞ்சுவான்.

எந்தக் கம்பெனின்னு பாலா சொல்லல, நீ சத்தியம் வாங்கி வெச்சிருக்கியாம். பஸ்ஸு ஓ.எம்.ஆருக்குப் போவுதுன்னு நீயே எழுதின இல்ல, அது போதும்னு வெள்ளிக்கெழம வந்துட்டேன். சிறுசேரி பக்கம் எறங்கினேன். மீன் விக்கற மாதிரி கூடைய எடுத்துகினு, மொத கேட்லேர்ந்து ஒவ்வொண்ணா போய் நின்னேன். "வசந்த்னு எங்க வூட்டு ஆளு இங்க வேல செய்யுது, இன்னிக்கு வராது, உள்ள சொல்லிடுங்க"ன்னேன். ஒருத்தன் போலீசக் கூப்புடுவேன்னான். ஒரு வடக்கத்தி புள்ளைக்கு பாசை புரியல, ஆனா வெயில்ல நிக்கறேன்னு தண்ணி குடுத்தான். நல்லா இருக்கட்டும். ஒரு கேட்ல "எந்த வசந்தும்மா, எங்ககிட்ட நாலு வசந்து கீறாங்க"ன்னு கிண்டல் பண்ணான். "நாலு பேரும் வரமாட்டாங்கன்னு எய்திக்கோ"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த நாலு பேருக்கும் யாரு கீறாங்களோ.

இருட்டற வரைக்கும் நின்னேன். எத்தினி கேட்டு அந்த ரோட்டுல! பாதிகூட முடியல. ஆணைய மீறிட்டேன், கங்கையம்மா என்ன இன்னா செய்யணுமோ செய்யட்டும். அடுத்த வெள்ளிக்கெழமையும் வருவேன்.

வேல போனா போவுது. நீ திட்டு, பேசாத, அக்கா இல்லன்னு சொல்லு. திட்றதுக்காவது நீ இருக்கணும்டா நைனா.

அக்கா சொர்ணம்


கூடுவாஞ்சேரி
தேதி பார்க்கல

அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு மூணு நாளாச்சு. இன்னிக்குத்தான் பிரிச்சேன்.

நீ எங்க கம்பெனிக்கும் வந்தே. தண்ணி குடுத்தான்னு எழுதினியே, அதுக்கு அடுத்த கேட். நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். கூடையைக் கீழே வெச்சுட்டு, முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கினு, சுப்பிரமணி அண்ணன்கிட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கினு இருந்தே. அவருதான் எங்க செக்யூரிட்டி. உள்ளே வந்து என் ஐ.டி. கார்டைப் பார்த்தாரு. "சார், உங்க பேரைத்தான் சொல்றாங்க, அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா?"ன்னாரு.

இல்ல, யாருன்னு தெரியலன்னேன்.

அவரு போய் உன்னை அனுப்பிட்டாரு. நீ கூடையைத் தூக்கித் தலையில வெச்சுக்கினு அடுத்த கேட்டுக்குப் போறதையும் பார்த்தேன். மேலே போய் சீட்ல உட்கார்ந்தேன். அக்கா, எனக்கு ஒண்ணுமே வரல. வெக்கம் வரணும் இல்ல? பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கினு அழுது பார்க்கலாம்னு நின்னேன். அழுகையும் வரல. நம்ம அக்காவை யாருன்னு தெரியலன்னு சொல்லிட்டோமேன்னு நானே எனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யாரோ எவனோ சொன்ன மாதிரி இருக்கு. அன்னிக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

நேத்து எங்க மேனேஜர் ரெஜினா மேடம் ரூம் வாசல்ல போய் நின்னேன். நானே சொல்லிடலாம்னுதான் போனேன். "சொல்லுங்க வசந்த்"ன்னாங்க. நல்லா இருக்கேன் மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன். உனக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். உன் நம்பர் வரைக்கும் போய் வெச்சுட்டேன்.

என்னால முடியல அக்கா. உன்கிட்ட எழுதத்தான் வருது, அவங்ககிட்ட சொல்ல வாய் வரல. வேலை போனாப் போகட்டும். நீ வா. நீலக் கண்ணாடி போட்ட பில்டிங், வாசல்ல ரெண்டு பனைமரம் நட்டு வெச்சிருக்காங்க. ரெஜினா மேடத்தைப் பார்க்கணும்னு சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்காதே, இந்த லெட்டர் கிடைச்ச உடனே கெளம்பு.

சுப்பிரமணி அண்ணன் மறுபடி என்கிட்ட வந்து கேப்பாரு. எங்க அக்கான்னு சொல்லணும்னுதான் இருக்கேன். நான் சொல்லலைன்னாலும் நீ போயிடாத, சொல்ல வந்தத சொல்லிட்டுப் போ.

உன் தம்பி
வசந்து